எழுந்திரிங்க சார், அது என் இடம்

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் எழுந்து போகலாம், நான் யாரையும் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை.

அவளுக்கு வீட்டில் அமுக்கினி என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவாள், அந்த ஒன்றிலும் பாதியை முழுங்கிவிடுவாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள், அதோடு சரி, எந்தக் கொம்பன் வந்து கேட்டும் இரண்டாம் முறை சொல்லவில்லை. நாற்பது தாண்டியும் அதே அமுக்கினிதான். நான் அவளுக்கு நேர் எதிர். என் வாய்க்குப் பயந்து எங்கள் தெருவில் காய் விற்பவன் எடையைக் கூட்டித்தான் போடுவான்.

வாயைத் திறக்காதவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், நாள் முழுக்க ஊராருடைய வாயைக் கேட்பது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள் அல்லவா, அந்தப் படத்தைப் பார்த்து டாக்டர் உட்கார்ந்து எழுதுவதில்லை. வாயால் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குரலைக் கேட்டு, அவர் சொன்னதை ரிப்போர்ட்டாக டைப் அடிப்பவள் இவள். அடியில் இவள் பெயர் வரும். எத்தனை டாக்டர்கள்! ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஒருவர் கொட்டாவி. ஒருவர் மென்னுமுழுங்கி. மூச்சுவிடாமல் பேசுகிற ஒருவர் ரயில். "மென்னுமுழுங்கிக்குத் தொண்டை கட்டியிருக்கு அண்ணி, பாவம்" என்பாள், ஏதோ சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லாததுபோல.

முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்கும் கம்பெனியின் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மழைநாளில் பஸ் படியிலிருந்து விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். அதன்பிறகு நடப்பாள், உட்காருவாள், ஆனால் கூட்டத்தில் பஸ் ஏறி, லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறுவது நடக்காத காரியம். கம்பெனியின் தலைவி, ஆபீஸில் எல்லோரும் பெரிய மேடம் என்று சொல்வார்கள், அந்தம்மாதான் வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று சம்மதித்தார். அமுக்கினி தன் சேமிப்பில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கிப் பின் அறையில் வைத்தாள். அந்த நாற்காலிக்கு நான்தான் உறை தைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். அவள் மேசைமேல் இருந்த பெட்டியில் வேலை நடக்காது. நோயாளிகளுடைய ரிப்போர்ட் வெளியே போகக்கூடாதாம். அதனால் வேலை நடக்கிற கம்ப்யூட்டர் கம்பெனியிலேயே இருக்கும், அதன் திரை மட்டும் இங்கே தெரியும். அதுவும் தனியாக ஒரு கம்ப்யூட்டர் இல்லை. பெரிய மெஷின் ஒன்றுக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் பிரித்து வைத்திருப்பார்கள், ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடுகிற மாதிரி. அதற்குப் பெயர் வர்ச்சுவல் மெஷின். ஆளுக்கு ஒன்று. அவரவர் பெயர், அவரவர் பாஸ்வேர்டு. உள்ளே ஒருவர்தான் உட்கார முடியும். அதே பெயரில் வேறு இடத்திலிருந்து யாராவது நுழைந்தால் முதலில் இருந்தவரை வெளியே தள்ளிவிடும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லி அமைத்துக்கொடுத்தவர் அவளுடைய மேலாளர். ஸ்பீக்கரில் அந்தக் குரல் தேன் ஒழுகியது. "பாஸ்வேர்ட நானே போட்டுத் தரேம்மா. நீங்க மாத்தாதீங்க. மாத்தினா லாக் ஆயிடும், அப்புறம் என் தலைதான் உருளும்." அமுக்கினி "சரி சார்" என்றாள். ஏன் என்று கேட்காததில் அவளுக்கு நாலு வார்த்தை மிச்சம்.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. முன் அறையில் என் தையல் மெஷின், பின் அறையில் அவளுடைய கம்ப்யூட்டர். நடுவில் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வை மட்டும் முழுமூச்சாகச் செய்பவர்.

பிறகு அது ஆரம்பித்தது. பாதி வாக்கியம் அடித்துக்கொண்டிருப்பாள், பொசுக்கென்று அந்தத் திரை மூடிக்கொள்ளும். வேறொருவர் இந்தக் கணினியில் இணைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு கட்டம் வரும். மறுபடி நுழைவாள். சிறிது நேரத்தில் மறுபடி பொசுக். சில நாள் உள்ளே போகவே முடியாமல் மணிக்கணக்கில் அல்லாடினாள்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"வேற யாரோ வராங்கன்னு சொல்லுது சார்."

"அது நீங்கதான் மேடம்."

"நானா?"

"உங்க பழைய கனெக்‌ஷன் கட் ஆகாம தொங்கிட்டு இருக்கும். உங்கள நீங்களே தள்ளிவிடறீங்க. வீட்டு நெட்ட பாருங்க."

கேட்டீர்களா அநியாயத்தை? உன்னை நீயே தள்ளிவிட்டாய் என்று ஒருத்தியிடம் சொல்கிறான், அதற்கும் அவள் "சரி சார்" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? ஹாலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "உன் தையல் மெஷின் ஓடும்போதுதான் அறுந்துபோவுது. மோட்டார் கரண்ட இழுக்குது."

"பகல்லதான் நான் தைக்கிறேன், பகல்லதான் அவ டைப் அடிக்கிறா. பகல்லதான் நீங்களும் டிவி பாக்குறீங்க. அத முதல்ல நிறுத்துங்க பாப்போம்."

"டிவி எப்படிம்மா..."

"அப்ப என் மெஷின் மட்டும் எப்படி?"

வாதத்தில் ஜெயித்தேன், ஆனால் மெஷினை நிறுத்தினேன். அவள் வேலையல்லவா? பள்ளி திறக்கிற காலம், வெட்டிய சீருடைத் துணி குவிந்து கிடந்தது. கையால் தைத்தேன். விரல் முழுக்க ஊசிக்குத்து. குத்துக்குக் குத்து அந்த உதவி எண்காரனைத் திட்டினேன். இணைப்பு அறுந்தது என்னவோ அறுந்தபடிதான் இருந்தது. வயரை மாற்றினோம், நெட் வருகிற பெட்டியை மாற்றினோம், மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "நான் வெச்ச எடத்துல கர்சர் இல்ல அண்ணி. எழுத்தெல்லாம் பெருசு பண்ணி வெச்சிருக்கு. நான் பண்ணல."

"பேய் கண்ணாடி போட்டுட்டு வந்து படிக்குதா?" என்றேன். சிரித்தாள். அதற்கு மறுநாள்தான் இடி விழுந்தது.

மேலாளர் போனில் வந்தார். இந்த முறை தேன் இல்லை. ஒரு ரிப்போர்ட்டில் வலது சிறுநீரகம் என்று இருக்க வேண்டிய இடத்தில் இடது என்று இருந்ததாம். ஆபரேஷன் செய்யப் போன டாக்டர் தானே படத்தைப் பார்த்து நிறுத்தியதால் தப்பித்தார்கள். அடியில் இவள் பெயர்.

"வீட்ல உக்காந்துகிட்டு கவனத்த எங்க வெச்சிருக்கீங்க? உங்க கனெக்‌ஷன் அறுந்து அறுந்து போவுதுன்னு நீங்களே புகார் குடுத்திருக்கீங்க, ரெக்கார்ட் இருக்கு. திங்கக்கெழம பெரிய மேடம் கூட மீட்டிங். இனிமே ஆபீஸ் வந்து செய்யுங்க, இல்ல விட்டுடுங்க."

ஆபீஸ் போக அவளால் முடியாது என்று அந்த மனிதனுக்குத் தெரியும். ஆக, போய்விடு என்கிறான். போனாலும் வேறு எங்கே போவாள்? ஒரு மனிதனின் நல்ல சிறுநீரகத்தை அறுக்க வைக்கப் பார்த்தவள் என்று பெயர் வந்துவிட்டால் எந்தக் கம்பெனி இவள் காதை நம்பும்? இருபது வருஷமாக அவள் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அன்று அவள் சாப்பிடவில்லை. அந்த ரிப்போர்ட்டுக்கான டாக்டரின் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"இது நான் அடிச்சது இல்ல அண்ணி."

"நல்லா தெரியுமா?"

"இது கொட்டாவி டாக்டர். இந்தப் பதிவ நான் இன்னிக்குதான் முதல்தடவை கேக்கறேன். கேட்டிருந்தா மறக்க மாட்டேன், நடுவுல ரெண்டு தும்மல் போட்டிருக்கார்."

நான் நம்பினேன். என் வீட்டுக்காரரும் நம்பினார், ஆனால் அவர் நம்பி என்ன பிரயோஜனம்? "விட்டுடும்மா. பெரிய எடத்து விவகாரம். நமக்கு எதுக்கு வம்பு? வீட்ல நிம்மதியா இரு" என்றார். தங்கையின் பெயரைச் சேற்றில் போட்டு மிதிக்கிறார்கள், இவருக்கு நிம்மதி வேண்டுமாம்! அந்தப் பிள்ளைப்பூச்சியை நான் அன்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டிவி தானாகவே அணைந்தது.

திங்கட்கிழமை வந்தது. அமுக்கினி இஸ்திரி போட்ட உடுப்பில், முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள். திரையின் ஒரு பாதியில் மீட்டிங், அதில் பெரிய மேடத்தின் முகமும் மேலாளரின் முகமும். இன்னொரு பாதியில் அவளுடைய மெஷின், வேலைக்குத் தயாராகத் திறந்திருந்தது. நான் கேமராவில் விழாமல் கதவோரம் நின்றேன். வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டேன், என்னையறியாமல் ஏதாவது கத்திவிடுவேன் என்ற பயம்.

மேலாளர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து வேலை செய்தால் இப்படித்தான் என்றார். நோயாளியின் உயிர் என்றார். இவளிடம் தனக்கு எந்த விரோதமும் இல்லை என்றார். நீலிக்கண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

"அந்த ரிப்போர்ட்ட காட்டுங்க" என்றார் பெரிய மேடம்.

"இதோ மேடம்." அவர் தன் கம்ப்யூட்டர் திரையை எல்லோருக்கும் தெரிகிறபடி காட்டினார். அதில் மெஷின்களைத் திறக்கிற சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருந்தன. பேச்சு மும்முரத்தில், தினமும் செய்து பழகிய கை, ஒரு படத்தின்மேல் போய்த் தட்டியது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. திறந்துகொண்டது.

அதே கணம், எங்கள் திரையின் மறுபாதியில், பொசுக்.

வேறொருவர் இந்தக் கணினியில் இணைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அமுக்கினி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு மேலாளர் காட்டிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய மெஷின் கிடந்தது. அவள் சற்றுமுன் திறந்து வைத்திருந்த பக்கமே, அவள் விட்ட இடத்திலேயே. எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் கழுத்து சிவந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. மறுபடி இணைக்கும் பொத்தானை அழுத்தினாள், பாஸ்வேர்டை அடித்தாள்.

மேலாளரின் திரை கறுத்தது. அதே கட்டம், நடுவில், எல்லோரும் வாசிக்கும்படி வந்து நின்றது.

"நெட் ப்ராப்ளம் மேடம், ஒரு நிமிஷம்" என்று மறுபடி தட்டினார். எங்களுடையது மூடியது. இவள் மறுபடி அடித்தாள். அவருடையது கறுத்தது. அவர் தட்டினார். இவள் அடித்தாள். குழாயடியில் ஒரு குடத்தைத் தள்ளி ஒரு குடம் வைக்கிற கதைதான், ஆனால் ஒரு சத்தம் இல்லை. எனக்கு வாயில் இருந்த தலைப்பு போதவில்லை.

"என்ன நடக்குது அங்க?" என்றார் பெரிய மேடம். "யாரோ கனெக்ட் பண்றாங்கன்னு சொல்லுதே, யாரு அது?"

அமுக்கினி மைக்கைத் திறந்தாள். "நான்தான் மேடம்."

"நீங்களா? ஏன்?"

"சார் தொறந்து காட்டினது என் மெஷின். என் பேர்ல, என் பாஸ்வேர்டுல. ரொம்ப நாளா என்ன யாரோ வெளிய தள்ளிட்டே இருந்தாங்க. நானே என்ன தள்ளிக்கறேன்னு சொன்னாங்க. இப்ப பாத்தேன்." பிறகு அந்த மனிதனை நேராகப் பார்த்தாள். "எழுந்திரிங்க சார். அது என் இடம்."

மேலாளர் மழுப்பினார். "அது வந்து... சும்மா செக் பண்றதுக்கு..."

"பாஸ்வேர்டு கூட கேக்கலையே" என்றார் பெரிய மேடம். "தெனமும் செக் பண்ணுவீங்களோ?"

உண்மை அன்று மாலைக்குள் வெளியே வந்துவிட்டது. மேலாளருக்கு ஒரு மச்சினன், தடிமாடு மாதிரி வளர்ந்தும் வேலை இல்லாதவன். அவனைப் பயிற்சி என்று சொல்லி ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார். அவனுக்குத் தனி மெஷின் கேட்டால் யார், எதற்கு என்ற கேள்வி வரும். அதனால் வீட்டில் இருக்கும் வாயில்லாப் பூச்சியின் மெஷினையே தன் கம்ப்யூட்டரிலிருந்து தினமும் அவனுக்குத் திறந்து கொடுத்துவிட்டார். அவள் என்ன கேட்டுவிடப் போகிறாள் என்ற தைரியம். வலதை இடதாக அடித்தவன் அவன். பெரிய மேடம் கூப்பிட்டுக் கேட்டதும் கக்கிவிட்டானாம். அவனைக்கூட நான் மன்னிப்பேன். தெரிந்தே அந்தப் பழியை இவள் தலையில் கட்டி, ஆபீஸ் வா, இல்லாவிட்டால் போ என்று சொன்ன நாக்கை எப்படி மன்னிப்பது?

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். இரண்டு நாள் கழித்து கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறு நேர்ந்துவிட்டது, உங்கள்மேல் நடவடிக்கை இல்லை, வழக்கம்போல் பணியைத் தொடரவும்.

"பாத்தியா, நல்லபடியா முடிஞ்சுது" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் மூச்சை இழுத்தேன், ஆரம்பிப்பதற்கு. எனக்கு முன்னால் அமுக்கினி ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க முடிஞ்சுது அண்ணா? முதல்ல அண்ணி மெஷின்தான் காரணம்னு சொன்னோம். அப்புறம் வயரு. அப்புறம் நானு. இப்ப கம்பெனி மெஷினாம். அது பாட்டுக்கு இடதுன்னு அடிக்குமா? எல்லாத்து மேலயும் பழியப் போடுவாங்க, ஒரு ஆம்பள மேல மட்டும் போட மாட்டாங்களா?"

என் வீட்டுக்காரர் தன் தங்கையை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் பெரிய மேடத்துக்கே போன் போட்டாள்.

"மேடம், அந்த ரிப்போர்ட் அடியில இன்னும் என் பேர்தான் இருக்கு. அத எடுங்க. யார் அடிச்சானோ அவன் பேரப் போடுங்க. பாஸ்வேர்ட யார் குடுத்தாருன்னும் எழுதுங்க. அதுவரைக்கும் நான் உள்ள போகப் போறதில்ல."

"வேலைக்கு வரமாட்டேன்னு சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

போனை வைத்துவிட்டாள். வேலை போனால் போனதுதான் என்று தெரிந்தே செய்தாள். எனக்குப் பயம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "கேட்டது சரிதான்டி" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது. அவள் என்னோடு உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். மோசமாகத் தைத்தாள், நான் பிரித்துத் திரும்பத் தைத்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வார முடிவில் பெரிய மேடமே போன் செய்தார். ரிப்போர்ட்டில் பெயர் மாற்றியாயிற்று. கடவுச்சொல்லை மேலாளர் பிறருக்குக் கொடுத்ததே காரணம் என்று ஆஸ்பத்திரிக்கும் எழுதியாயிற்று. மச்சினன் வீட்டுக்குப் போனான். மேலாளர்? அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் யாரிடமாவது தேன் ஊற்றிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் இன்னும் என் வயிறு எரிகிறது.

அமுக்கினி பின் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். நானும் பின்னாலேயே போனேன். புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கட்டம் வந்தது. விசைப்பலகையில் கையை வைத்தவள் அடிக்காமல் நின்றாள்.

"அண்ணி, திரும்புங்க."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இவளுக்காக எத்தனை ஊசிக்குத்து வாங்கியிருப்பேன்! ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவள் அடிக்கிற சத்தம் கேட்டது. நீளமான பாஸ்வேர்டுதான் போல.

"ஆச்சு" என்றாள். "போய் உங்க மெஷின ஓட்டுங்க அண்ணி."

போனேன். சீருடைத் துணியை ஊசியின் கீழே வைத்து, ஹாலில் இருப்பவர் காதில் நன்றாக விழட்டும் என்றே காலை அழுத்தி ஓட்டினேன். பின் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மென்னுமுழுங்கியைக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் வெளியே தள்ளவில்லை.